கோச்சி பிந்திய மாலைகள்

தோட்டத்தில் இரண்டு பேர் தனியாக நின்று பேச ஓர் இடம் கிடையாது. வெளியில் பிறந்தவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இத்தனை மலை, ஓடை, காடு, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டா இடமில்லை என்கிறாய் என்று கேட்பார்கள். நாட்காட்டிப் படத்தில் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். தேயிலைச் செடி இடுப்பளவுதான் வளரும், அதற்கு மேல் வளர விடமாட்டார்கள். ஒரு மலையில் நிற்கிற ஆளை எதிர்மலையில் நிரை பிடித்துக் கொழுந்தெடுக்கிற அத்தனை பெண்களும் பார்க்கலாம். அவர்களுக்குப் பின்னால் நிற்கிற கங்காணியும் பார்க்கலாம். ரோட்டில் போனால் கணக்கப்பிள்ளை எதிரே வருவார். பீலிக்கரையில் எப்போதும் நாலு குடம் காத்துக்கொண்டிருக்கும். வீடு என்றால் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், முதுகுப் பக்கம் இன்னொரு குடும்பம். எங்கள் லயத்தில் நாலாம் காம்பராவில் இருமினால் முதல் காம்பராவிலிருந்து "கொத்தமல்லி அவிச்சுக் குடி" என்று பதில் வரும்.

ஆகவே காதலிக்க வேண்டுமானால் டவுனுக்குப் போகவேண்டும். எங்களுக்கு டவுன் என்றால் ஹட்டன்.

ஹட்டனைப் பெரிய நகரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாலாயிரம் அடிக்கு மேலே, மலைச்சரிவில் வளைந்து போகும் ஒரு பிரதான வீதி, பஸ் நிலையம், ரயில் நிலையம், மாணிக்கப் பிள்ளையார் கோயில், டன்பார் மைதானம், நிறையத் துணிக்கடை, நகைக்கடை, அடகுக்கடை. ஆனால் எல்லா வழியும் அங்கேதான் வந்து முடியும். மஸ்கெலியாக்காரனும் பொகவந்தலாவைக்காரனும் நோர்வூட், டிக்கோயா வழியாக அங்கேதான் இறங்கவேண்டும். தலவாக்கலை, கொட்டகலை ஆட்களுக்குக் கோச்சி, அதாவது ரயில், இருந்தது. நான் மஸ்கெலியா ரோட்டில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பித்தேன். இவர், என் வீட்டுக்காரர், தலவாக்கலைப் பக்கம். 1992, 93 ஆண்டுகள் அவை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்துப் பல வருடம் ஆகியிருந்தது. லயத்துப் பிள்ளைகள் படித்து அதே லயங்களுக்கு ஆசிரியர்களாகத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். ஹட்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில்தான் முதன்முதலாகப் பார்த்துக்கொண்டோம். கணிதம் படிப்பிப்பது பற்றிய கருத்தரங்கு. கணிதத்தில் ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

அவர் என்னை 'டீச்சர்' என்பார், நான் அவரை 'சேர்' என்பேன். ஆரம்பத்தில் அது மரியாதை. பிறகு அதுவே எங்களுக்குப் பாதுகாப்பாகிவிட்டது. பஸ் நிலையத்தில் நூறு பேருக்கு நடுவில் நின்று, "சேர், பாடக்குறிப்பு கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாடக்குறிப்பு என்றால் ஒலிநாடா. பிரதான வீதியில் பாட்டு பதிந்து தரும் கடைகள் இருந்தன. வெற்று ஒலிநாடாவையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம். 'ரோஜா' வந்த புதிதில் அந்தக் கடைக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. இவர் இளையராஜா கட்சி. ஒரு பக்கம் முழுக்க இளையராஜா, மறுபக்கத்தில் எனக்காகப் போனால் போகிறதென்று இரண்டு ரஹ்மான் பாட்டு. உறையில் ஒவ்வொரு பாட்டின் பெயரையும் கரும்பலகையில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டிருப்பார். வீட்டில் அம்மா எடுத்துப் பார்த்தாலும் ஒன்றுமில்லை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்றுகூட ஒரு தடவை சொன்னார்.

பாடசாலை ஒன்றரைக்கு விடும். நான் பஸ் பிடித்து வந்து சேர மூன்றாகிவிடும். எனக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு, அதுவும் வந்தால்தான். எங்கள் மாலை மூன்றுக்குத் தொடங்கி, வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும். இருட்டிய பிறகு வீட்டுக்கு வருகிற பெண்ணைப் பற்றி லயத்தில் என்ன பேசுவார்கள் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

வீதியில் சேர்ந்து நடப்பதில்லை. அவர் நாலடி முன்னால் போவார், நான் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு பின்னால் போவேன். அவர் நின்று கடிகாரக் கடையைப் பார்த்தால் நான் பக்கத்துச் செருப்புக் கடையைப் பார்ப்பேன். இரண்டு கடைக்கும் நடுவில் பேச்சு நடக்கும், கண்ணாடியைப் பார்த்தபடி. மே மாதம் தாண்டித் தென்மேற்கு மழை தொடங்கிவிட்டால் இந்த ஏற்பாடெல்லாம் மாறிவிடும். வட்டவளைப் பக்கமிருந்து மழை ஏறி வரும். நாள் கணக்கில் விடாது. மழை ஓய்ந்தால் பனி இறங்கும். பத்தடிக்கு அப்பால் குடை தெரியும், ஆள் தெரியாது. அந்த நேரத்தில் அவர் நடையை மெதுவாக்குவார், நான் கொஞ்சம் வேகமாக நடப்பேன். ஒரே குடைக்குள் வந்துவிடுவோம். பஸ் ஹோர்ன் சத்தம் கிட்டே கேட்டால் மறுபடி நாலடி.

தேத்தண்ணி குடிப்பது சைவக்கடையில். உள்ளே, சமையல்கட்டுக்குப் போகிற வழியில், பலகை அடித்துப் பிரித்த மூன்று சின்ன அறைகள். 'ஃபெமிலி ரூம்' என்று எழுதிப் பூப்போட்ட திரை தொங்கவிட்டிருப்பார்கள். நாங்கள் ஃபெமிலி இல்லை. ஆனாலும் வெளியே ஆண்கள் நிரம்பிய மேசைகளுக்கு நடுவில் என்னை உட்கார வைக்க அவருக்கு மனமில்லை. முதல் நாள் உள்ளே போய் உட்கார்ந்ததும் பரிமாறுகிற பையன் திரையை இழுத்துவிட்டான். நான் எழுந்து திறந்துவிட்டேன். தேத்தண்ணி கொண்டு வந்தவன் போகும்போது மறுபடி மூடினான். மறுபடியும் திறந்தேன். மூன்றாம் தடவை அவன் இவரைப் பார்த்தான். இவர் "தெறந்தே இருக்கட்டும் தம்பி, டீச்சருக்குக் காத்து வேணுமாம்" என்றார். ஹட்டனில், ஜூலை மாதத்தில், காற்று வேண்டுமாம்! அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனதை இன்னும் என்னால் பார்க்க முடிகிறது. மூடிய திரைக்குப் பின்னால் இருந்தாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம் என்பது இவருக்குப் புரிந்தது. புரிந்ததை விளக்கமாக என்னிடம் சொல்லவில்லை. அதற்காகவே அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்குத் தோன்றியது.

எங்கள் நாட்டுக் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கேட்கிறதற்கு முன்னாலேயே ஒரு தட்டு நிறைய உளுந்து வடை, கடலை வடை, ரோல்ஸ், பணிஸ் என்று மேசையில் கொண்டு வந்து வைத்துவிடுவார்கள். தின்றதற்கு மட்டும் காசு. மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். எங்கள் தட்டு போனபடியே திரும்பும், இரண்டு கடலை வடை மட்டும் குறைந்திருக்கும். ஆசிரியர் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்து, தம்பி தங்கைகளுக்குக் கொடுத்து, சீட்டுக் கட்டி மிஞ்சுவது அவ்வளவுதான். வடையைப் பிய்த்து, இஞ்சி போட்ட பிளேன்டீயோடு, ஒரு மணி நேரம் இழுப்போம். தேயிலை மலையில் பிறந்தவர்களுக்குக் கடையில் நல்ல தேத்தண்ணி கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். நல்ல தூள் கொழும்பு ஏலத்துக்குப் போய் அங்கிருந்து கப்பல் ஏறிவிடும். எங்களுக்கு வருவது அடித்தூள். அதில் இஞ்சியையும் சீனியையும் கொட்டி மனிதர் குடிக்கிற மாதிரி ஆக்கிக்கொண்டது எங்கள் கெட்டித்தனம்.

என்ன பேசினோம்? பெரும்பாலும் பாடசாலைதான். ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு நடத்துகிற கஷ்டம், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போகிற அம்மாமார் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை வீட்டில் நிறுத்துவது, 1992ல் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்த பிறகு வேலை நாள் குறையுமோ என்று இரண்டு வீட்டிலும் இருந்த பயம். இதெல்லாம் காதலர் பேச்சா என்று என் மகள் கேட்கிறாள். வேறென்ன பேசுவது? அவர் சொல்கிற எதைக் கேட்டாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கம்பெனிக் கணக்கு உட்பட.

கூட்டத்தில்தான் ஒளிந்துகொள்ளலாம் என்று சொல்வார்கள். எந்தக் கூட்டம் என்பதைப் பொறுத்தது அது. தோட்டத்தில் பத்தாம் திகதி சம்பளம். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் கால் வைக்க இடமிருக்காது. அரிசி, கருவாடு, செருப்பு, பிள்ளைக்குச் சட்டை, அடகு மீட்க, அடகு வைக்க என்று சுற்றுவட்டாரத் தோட்டமெல்லாம் இறங்கி வரும். அந்தக் கூட்டத்தில் பத்தில் மூன்று பேருக்கு என்னைத் தெரியும், இரண்டு பேர் சொந்தக்காரர். எனவே சம்பள ஞாயிற்றில் நாங்கள் ஒருவரை ஒருவர் அறியோம். போர்க்காலம் வேறு. தமிழ்ப் பெடியன்கள் எங்கே நின்றாலும் அடையாள அட்டையைக் கேட்பார்கள். தோட்டத்துப் பெடியன்கள் பலருக்கு அட்டையே இல்லை. இவருடைய சட்டைப் பையில் அட்டையும் அதிபர் கொடுத்த கடிதமும் பிளாஸ்டிக் உறையில் எப்போதும் இருக்கும். எங்கே போனாலும் முதலில் அந்தப் பையைத் தொட்டுப் பார்ப்பார். முப்பது வருடம் கழித்தும் அந்தக் கை போகிறது.

எங்களுக்கு உகந்த கூட்டம் சீசன் கூட்டம்தான். மார்கழிப் போயா தினத்தில் தொடங்கி வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்கு ஆட்கள் வருவார்கள். சிங்களவருக்கு ஸ்ரீபாத, நமக்குச் சிவனொளிபாதம். நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் கோச்சியில் ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போவார்கள். வெள்ளை உடுப்பு, தலையில் கம்பளித் தொப்பி, கையில் சோற்றுப் பார்சல், தோளில் தூங்குகிற குழந்தை. வெயில் நாட்டிலிருந்து வந்து இறங்கியவுடனே நடுங்கிக்கொண்டு தொப்பி வாங்குவார்கள். வீதி ஓரமெல்லாம் தொப்பிக்கடை முளைத்துவிடும். இரவு முழுக்கத் தேத்தண்ணிக்கடை திறந்திருக்கும். யாருக்கும் யாரையும் தெரியாது. அந்த ஐந்து மாதமும் நாங்கள் வீதியில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம். ஒரு முறை காலியிலிருந்து வந்திருந்த அம்மா ஒருத்தி, நாங்களும் மலைக்குப் போகிறோம் என்று நினைத்து, எங்கள் இருவருக்கும் கொஞ்சம் கொண்டைக்கடலையைக் கையில் கொட்டி, சிங்களத்தில் ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார். புருஷன் பெண்டாட்டி என்று எங்களை முதலில் நம்பியவர் அவர்தான்.

அதைவிடப் பெரிய லாபம் பஸ். எங்கள் தோட்டம் இருந்தது அந்த ரோட்டில். சீசனில் ஆறரைக்குக் கடைசி பஸ் என்ற பேச்சே கிடையாது. எட்டுக்கும் பஸ், ஒன்பதுக்கும் பஸ். யாத்திரைக்காரர்களோடு ஏறி நின்றுகொண்டால் எங்கள் சந்தியில் இறங்கிக்கொள்ளலாம். தம்பி டோர்ச் லைட்டோடு நிற்பான். "சீசன் பஸ், ஊர்ந்து ஊர்ந்துதான் வந்திச்சி" என்பேன். உண்மையும் அதுதான், ஒரு மணி நேரத்தைத் தவிர. இரவு பஸ்ஸில் போகும்போது கீழே காசல்ரீ நீர்த்தேக்கம் மங்கலாகத் தெரியும். அப்பாயி இருந்திருந்தால் மஸ்கெலியாவின் மௌஸாகலைத் தேக்கத்துத் தண்ணியைப் பற்றிச் சொல்லியிருப்பார். 1969ல் அந்தத் தேக்கத்தில் தண்ணி நிரப்பியபோது பழைய மஸ்கெலியா டவுன் அடியோடு போனது. டவுனை மேலே தூக்கிக் கட்டினார்கள். வறட்சி வந்து தண்ணி வற்றினால் பழைய கோயில் இன்னும் தலை காட்டும், ஆட்கள் இறங்கிப் போய்க் கும்பிட்டு வருவார்கள். அப்பாயியும் தாத்தாவும் சம்பள நாளில் தேத்தண்ணி குடித்த கடை அந்தத் தண்ணிக்கு அடியில் எங்கேயோ இருந்தது. கடை எது என்று காட்டச் சொன்னால் தண்ணியின் நடுவைக் கையால் காட்டுவார்.

மாலையின் கடைசிப் பாகம் ரயில் நிலையத்தில் கழியும். என் பஸ்ஸுக்கு நேரமிருந்தால் அவரை ஏற்றிவிடப் போவேன். அந்தப் பாதையை வெள்ளைக்காரன் 1885ல் நானுஓயா வரைக்கும் கொண்டு வந்தது காப்பியும் தேயிலையும் இறக்கத்தான். ஆட்களை ஏற்றியது உபரி. மேடையில் நீளமான மரப் பெஞ்சுகள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மலை. இன்னும் கொஞ்ச தூரம் போனால் சிங்கமலைச் சுரங்கம், அதைத் தாண்டினால் கொட்டகலை. எங்கள் ரயில்பாதைகளில் அதைவிட நீளமான சுரங்கம் இல்லை. அதற்குள் போகும்போது பெடியன்கள் ஊவென்று கத்துவார்கள். இவரும் கத்துவாராம். ஆசிரியர் கத்தலாமா என்றால், இருட்டில் யார் ஆசிரியர் என்பார்.

ஒற்றைத் தண்டவாளம் என்பதால் அங்கே டெப்லட் முறை. நிலைய அதிபரின் அறையில் சிவப்புப் பெட்டி மாதிரி இரண்டு கருவிகள், ஒன்று ரொசல்லப் பக்கத்துக்கு, ஒன்று கொட்டகலைப் பக்கத்துக்கு. அடுத்த நிலையம் சம்மதித்து மணி அடித்தால்தான் கருவியிலிருந்து ஒரு வட்டத் தகடு வெளியே வரும். அதைத் தோல் பையில் போட்டு, பையைப் பெரிய வளையத்தில் மாட்டி ஓட்டுனர் கையில் கொடுப்பார்கள். அந்தத் தகடு கையில் இல்லாமல் கோச்சி அந்தத் துண்டுப் பாதைக்குள் போக முடியாது. நிற்காமல் போகிற கோச்சி என்றால் மேடை ஓரத்தில் ஒருவர் வளையத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஓடுகிற எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு வந்து அதை வாங்கிக்கொள்ளும், வந்த வளையம் மேடையில் விழுந்து சுழலும். இதையெல்லாம் இவர் எனக்குப் பாடம் எடுத்தார். எனக்குத் தேவைப்பட்டது ஒன்றுதான்: மணி. பெஞ்சில் உட்கார்ந்தாலே அறைக்குள் மணி அடிப்பது கேட்கும். ரொசல்லயிலிருந்து கோச்சி புறப்பட்டுவிட்டது என்ற மணி கேட்டால் இன்னும் இருபது நிமிடமோ என்னவோ. மணி கேட்காதவரை அந்தப் பெஞ்ச் எங்களுடையது. ஊர் முழுக்கக் கோச்சி பிந்தியதென்று திட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் இருவரும் வாய் திறக்க மாட்டோம்.

அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோதுதான் அத்தை வந்துவிட்டார். அப்பாவின் தங்கை, கல்யாணம் பண்ணாமல் எங்களோடேயே இருந்தவர். ரேடியோவுக்குப் பெட்டரி வாங்க டவுனுக்கு வந்திருக்கிறார். ரயில் நிலையத்தில் அவருக்கு என்ன வேலை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அத்தையின் கதை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்லாத கதை. 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974ல் பாதி பாதியாகப் பங்கு போட்டார்கள். கணக்கு சரி. ஆனால் ஒரு லயத்தில் ஒரு காம்பராவுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது, அடுத்த காம்பராவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வந்தது. அத்தைக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்கு இந்தியா. எங்கள் வீட்டுக்கு இலங்கை. ஹட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம். அங்கிருந்து கூடலூர் பக்கம், அங்கும் தேயிலைதான். ஆட்களை ஏற்றிப் போகிற அந்த ரயில்களை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். மேடையில் நின்று அழுகிறவர்களின் சத்தத்தில் விசில் கேட்காது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அழைத்துக்கொள்கிறேன் என்று அங்கிருந்து கொஞ்ச நாள் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

அத்தை எங்களைப் பார்த்தார். பெஞ்சில் எங்கள் நடுவில் என் கைப்பை இருந்தது, அது எங்கள் கட்டுப்பாடு. நான் எழுந்துவிட்டேன். இவரும் எழுந்தார். அத்தை கிட்டே வந்து இவருடைய சட்டைப் பை, செருப்பு எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தார்.

"எந்தப் பக்கம் தம்பி?"

"தலவாக்கலங்க."

"பாஸ்போட்டு ஒண்ணும் எடுக்கலயே?"

அவர் விழித்தார். பிறகு விளங்கிக்கொண்டு, "இல்லீங்க அத்தை, எங்க வீட்டுல எல்லாரும் சிலோன்தான்" என்றார். அத்தை என்று அவராகவே கூப்பிட்டதை இரண்டு பேரும் கவனித்தோம். அத்தை பையிலிருந்து பெட்டரிகளை எடுத்து, இரண்டையும் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டார். "கோச்சி வந்தா ஏறிப் போயிருங்க. இவளை நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். பஸ்ஸில் என்னிடம் அரிசி விலை மட்டும் பேசினார். அப்பாவிடம் சொன்னது ஏழு மாதம் கழித்து, பெண் கேட்டு வந்தபோது. "பையனை எனக்குத் தெரியும்" என்ற ஒரு வார்த்தையோடு முடித்துவிட்டார். எங்கே எப்படித் தெரியும் என்று கேட்க அப்பாவுக்குத் தைரியம் வரவில்லை.

நுவரெலியா பற்றியும் சொல்லவேண்டும், சுருக்கமாக. காதலர் ஊர் என்றால் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். ஏப்ரல் சீசனில் ஒரு நாள் போனோம். 1873ல் கிரகரி கட்டிய ஏரி, குதிரைப் பந்தயத் திடல், விக்டோரியா பூங்கா, 1894ஆம் ஆண்டுச் செங்கல் தபால் நிலையம், இரவு ஏழுக்குப் பிறகு டை கட்டாத ஆண்களை உள்ளே விடாத ஹில் கிளப். அழகான ஊர், மறுக்கவில்லை. ஆனால் நடக்க நடக்க எனக்கு எரிச்சல் வந்தது. இந்த மலைகளில் மாலைப்பொழுது என்ற ஒன்றைத் துரைமார் நூறு வருடத்துக்கு முன்பே தங்களுக்கென்று கட்டி முடித்து, ஏரியும் வெட்டி, அதற்கு ஆளுநர் பெயரும் வைத்துவிட்டார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவளுக்குப் பீலிக்கரைதான் மாலை. படகுக்கு அவர்கள் கேட்ட காசில் ஹட்டனில் எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு வடை வரும். பீதுருத் தோட்டத்துக்கு மேலே 'லவர்ஸ் லீப்' என்று ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது, காதலர் இருவர் குதித்துச் செத்ததாகக் கதை, பார்க்கலாமா என்றார். குதிக்கிறவர்கள் போகட்டும், நமக்கு பஸ் இருக்கிறது என்றேன். திரும்பும் வழியில் தலவாக்கலைக்கு இப்பால் சென் கிளயரும் டெவனும் பஸ் ஜன்னலில் இலவசமாகத் தெரிந்தன. அன்றைக்கு நன்றாக இருந்தது அதுதான். மேல் கொத்மலைத் திட்டம் 2012ல் முடிந்த பிறகு சென் கிளயருக்குப் பழைய தண்ணி இல்லை. அந்த அணையும் இவருடைய ஊர் நடுவில்தான் நிற்கிறது.

கல்யாணம் முடிந்து தலவாக்கலையில் வீடு எடுத்தோம். புதுப் பெண்டாட்டியோடு முதல்முறையாக ஹட்டனுக்கு மாலையில் போவதை இவர் பெரிதாக நினைத்து வைத்திருந்தார் போல. தாலி கழுத்தில் தெரிகிற மாதிரி சேலை கட்டிக்கொண்டு, பிரதான வீதியில் பக்கத்தில் பக்கத்தில் நடந்தேன். கடிகாரக் கடையில் இருவரும் ஒன்றாக நின்று பார்த்தோம். பார்க்க ஒன்றுமில்லை. சம்பள ஞாயிறாகவும் இருந்ததால் எதிரே வந்தவர்களெல்லாம் நின்று நலம் விசாரித்தார்கள். சைவக்கடையில் அதே பையன், கொஞ்சம் மீசை வந்திருந்தது, திரையை இழுத்துவிட்டுப் போனான். நான் திறக்கவில்லை. உள்ளே புழுக்கமாக இருந்தது. தட்டிலிருந்த வடை, ரோல்ஸ் எல்லாவற்றையும் சாப்பிட்டோம், பேச்சு ஓடவில்லை.

பிறகு வெளியே வந்து பிரஷர் குக்கர் விலை கேட்டோம். மூன்று லீற்றர் போதும் என்றார் இவர். அவருடைய தம்பிமார் வந்தால் போதாது, ஐந்து வேண்டும் என்றேன். கடைக்குள்ளேயே சண்டை. கடைக்காரர் யார் பக்கம் சேருவதென்று தெரியாமல் இரண்டு குக்கரின் மூடிகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். கடைசியில் ஐந்து லீற்றரைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு ஓடினோம், அன்றைக்குப் பார்த்துக் கோச்சி நேரத்துக்கு வந்து நிற்கிறது. ஓடி ஏறியதில் விசில் எங்கேயோ விழுந்துவிட்டது. அதை வாங்க அடுத்த சனிக்கிழமை மறுபடி ஹட்டனுக்குப் போனோம்.